அமெரிக்காக்காரரும் ஆறாம் நம்பர் கட்டிலும்

1

போன மாதம் விசா புதுப்பிக்கப் போயிருந்தேன். ஒன்பது வருஷத்தில் இது மூன்றாவது தடவை. அல் ஐனில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி, முடிவெட்டும் கடைக்கும் கிராசரிக்கும் நடுவில் ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. இந்த நாட்டில் எந்த மனுவையும் கையால் எழுதி நீட்ட முடியாது. டைப்பிங் சென்டர்க்காரர் அரபியில் அடித்துக் கொடுத்தால்தான் கவுண்டருக்குள் கை போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் காதர் பாய்க்கு ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம். என் பாஸ்போர்ட்டைப் பிரித்தவர் வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பதற்குக் காரணம் உண்டு. என் விசாவில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். வளைகுடாவில் புருஷன்தான் பெண்டாட்டியைக் கூட்டிவருவான். எங்கள் வீட்டில் அது தலைகீழ். என் மனைவி மெர்சி இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அவள் முதலில் வந்தாள். பிறகு, நர்ஸ் ஒருத்தி புருஷனைக் கூட்டிவருவதற்கு எத்தனை படி ஏறி இறங்கி ஸ்பெஷல் பெர்மிஷன் வாங்க வேண்டுமோ, அத்தனையும் ஏறி இறங்கி என்னையும், அப்போது ஆறு வயதாயிருந்த ஜெனியையும் கூட்டிவந்தாள். அன்று மனுவை அடித்த யாரோ, குடும்ப விசா என்றதும் கை பழகிய பழக்கத்தில் தட்டிவிட்டார். ஸ்டாம்ப் ஆன பிறகுதான் பார்த்தோம். திருத்தலாம் என்றார்கள். அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஓர் அத்தாட்சி, அத்தாட்சிக்கு ஒரு முத்திரை என்று சங்கிலியாகச் சொன்னார்கள்.

"விடுங்க. பொய்யாவா போட்டுட்டான்?" என்றாள் மெர்சி.

இந்தத் தடவை காதர் பாய் தானாகவே கேட்டார். "சார், புது ஃபாரம் வந்திருக்கு. இப்ப ஈசியா மாத்திரலாம். என்ன வேலைன்னு போடட்டும்?"

ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நெஞ்சை நிமிர்த்தி 'ஆராய்ச்சியாளர்' என்று சொல்லியிருப்பேன். இப்போது, "இருக்கட்டும் பாய்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்குச் சொல்லாத காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம். இங்கே வருவதற்கு முன் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால் ஜூனில் வரச்சொல்லி ஏப்ரலில் போகச்சொல்வார்கள். அது நிரந்தரமாக வேண்டுமென்றால் டாக்டர் பட்டம் வேண்டும். அதற்காகப் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். தலைப்பு, அமெரிக்காவின் ஆரம்பகால நாவலாசிரியர் ஒருவரின் வாழ்வும் எழுத்தும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்பது வருஷமாகக் கண்டவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒருவர் வாயிலும் அது நிற்கவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு 'அமெரிக்காக்காரர்' என்றே பெயர். "அமெரிக்காக்காரர் மேசையக் காலி பண்ணுவாரா, சாப்பாடு வைக்கணும்" என்பாள் மெர்சி. விருந்துக்கு வந்தவர்கள், எங்களோடு ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருப்பதாகக்கூட நினைத்ததுண்டு.

இருநூறு வருஷத்துக்கு முந்திய மனிதர். துறைமுக ஊரில் வியாபாரக் குடும்பம். வீட்டில் வக்கீலுக்குப் படிக்கப் போட்டார்கள். படித்தார், கறுப்புக் கோட்டுப் போடுகிற நேரத்தில் மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். எழுதித்தான் பிழைப்பேன் என்று அந்த நாட்டில் முதன்முதலாகக் கிளம்பிய ஒருசிலரில் ஒருவர். மூன்று நான்கு வருஷத்துக்குள் அடுக்கடுக்காக நாவல்கள். ஆள் தெரியாமல் வருகிற குரல், தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்கள், ஊரையே காலி செய்கிற மஞ்சள் காய்ச்சல். படித்தவர்கள் மெச்சினார்கள், வாங்குகிறவர்கள் வாங்கவில்லை. கடைசியில் அண்ணன்மார் நடத்திய ஏற்றுமதி இறக்குமதிக் கடையிலேயே போய் உட்கார்ந்தார். நாற்பது வயதைப் பார்க்காமல் காசநோயில் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கதையைக் கேட்டதும் என் மாமனார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நல்ல வேள, கடைசிலயாவது கடைக்கு வந்தான்."

மெர்சிக்கு இங்கே வேலை கிடைத்தபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அங்கே போனால் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, ஆகவே வேலை இல்லை, ஆகவே நேரம் உண்டு, ஆகவே ஒரே வருஷத்தில் ஆராய்ச்சியை முடித்துவிடலாம். தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. இன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

3

என் ஒரு நாள் இப்படி. மெர்சி காலை டூட்டிக்கு ஆறரை மணி பஸ்ஸில் போவாள். ஜெனியைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றுவேன். மீன் மார்க்கெட். பாகிஸ்தான்காரர் ஒருவரிடம் என் உடைந்த இந்தியில் நெத்திலி வாங்குவேன். "ஜல்தி பாய்" என்று அவர் சொன்னால் நானும் அவசரமாக ஒரு மீனைக் கூடுதலாக வாங்கிவிடுவேன். பிறகு குழம்பு. பிறகு மேசை துடைத்து, தாள் பரப்பி, அமெரிக்காக்காரர். அவரோடு ஒரு பக்கம் போவதற்குள் வாஷிங் மெஷின் கூப்பிடும்.

ஜெனிக்கு இப்போது பதினைந்து வயது. நான் ஆங்கிலம் பேசினால் கண்ணை மூடிக்கொள்கிறாள். "டாடி, நோபடி டாக்ஸ் லைக் தட். இருநூறு வருஷம் முன்னாடி பேசுற மாதிரி இருக்கு." அதில் நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன், அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தமிழ் பேசுவாள், அதுவும் பாதிதான். எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு கோடை விடுமுறையில் நான் எடுத்த முயற்சி 'ஊ'வன்னாவோடு நின்றுவிட்டது. ஆங்கில இலக்கிய எம்.ஏ.வின் மகளுக்கு அப்பாவின் ஆங்கிலமும் ஆகவில்லை, தமிழும் வரவில்லை. இதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் வலிக்கிறது.

மூன்று மணிக்கு மேல் மெர்சி வருவாள். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, நான் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே வார்டைப் பற்றிப் பேசுவாள். வெயிலில் சைட்டில் சுருண்டு விழுந்தவர்கள், ஊர் பேரைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியாதவர்கள், ஊசிக்குப் பயந்து அரபியில் அழுகிற பெரிய மனிதர்கள். நான் தலையாட்டிக் கேட்பேன். அவள் குளிக்கப் போனதும் அதையெல்லாம் தமிழில் குறித்துவைப்பேன். அமெரிக்காக்காரரின் காய்ச்சல் நாவலைப் பற்றிய அத்தியாயத்துக்கு உதவும் என்பது எண்ணம். காய்ச்சல் ஆஸ்பத்திரியை நான் கண்டதில்லை. அவர் கண்டவர். அவருக்கே காய்ச்சல் வந்து தப்பினார், அவரோடு இருந்த நண்பர் தப்பவில்லை. எனக்குக் கிடைத்த காய்ச்சல் வார்டு மெர்சியின் வாய்தான்.

அவளிடம் கேட்காமல்தான் குறித்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருக்க மாட்டாள். ஆனாலும் கேட்கவில்லை.

4

கால நீட்டிப்புக் கேட்டு நான் எழுதிய கடிதங்களைத் தொகுத்தால் அதுவே ஒரு நல்ல ஆய்வேடாக வரும். ஒன்றில் மணற்புயல். ஒன்றில் என் முதுகுவலி. ஒன்றில் 'மனைவியின் பணிநிமித்தம்' என்று எழுதியிருந்தேன், அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. போன வருஷக் கடைசியில் என் நெறியாளர் பேராசிரியரே ஃபோன் செய்தார்.

"வே செல்வராஜ், நான் மே மாசம் ரிட்டயர்டு. நான் போனா ஒம்ம ஏத்துக்க இங்க ஒரு ஆள் கெடையாது. மார்ச்சுக்குள்ள கையெழுத்துப் பிரதி வந்தா நான் பாத்து, டைப் அடிச்சு உள்ள தள்ளிருவேன். வரலன்னா பேர அடிச்சிருவான், அம்புட்டுதான்."

அந்த இரண்டு மாதம் நான் எழுதியது போல வாழ்நாளில் எழுதியதில்லை. வீட்டில் முட்டைதான் குழம்பு, முட்டைதான் பொரியல். காய்ச்சல் அத்தியாயத்தை மட்டும் திருப்பித் திருப்பி எழுதினேன். கடைசி நாட்களில் வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது. மெர்சியின் வார்டுக் குறிப்புகள் ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் காலியாகக் கிடந்தன. அவற்றின் முதுகில் ஆங்கிலத்தில் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். தற்காலிக விரிவுரையாளனுக்கு ஒரு பக்கத் தாளை வீணாக்க மனம் வராது.

"ஜெராக்ஸ் எடுத்துட்டு, கூரியர்ல அனுப்புங்க" என்றாள் மெர்சி.

"எதுக்கு? அங்க போனா டைப் அடிக்கத்தான போறாங்க. நம்ம ஜஸ்டின் லீவுல போறான்."

ஊருக்கு ஆள் போகும்போது கூரியரில் அனுப்புவது எங்களுக்குள் ஒரு மரியாதைக் குறைவு. போகிறவனும் கோபித்துக்கொள்வான். ஜஸ்டின், மெர்சியின் ஊர்க்காரன், அபுதாபிப் பக்கம் முசஃபாவில் ஏ.சி. மெக்கானிக். அவளை அக்கா என்பான், என்னை அத்தான் என்பான். வெள்ளிக்கிழமைதான் இங்கே விடுமுறை; பூசை முடிந்து பஸ் பிடித்து, அவன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குப் போனேன். இரண்டு அட்டைப்பெட்டிகள் ரூம் நடுவில் திறந்து கிடந்தன. நைலான் கயிறு, டேப், பெயர் எழுத மார்க்கர், எடை பார்க்கக் கொக்கித் தராசு. கேம்பிலுள்ளவர்கள் ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்து கொண்டிருந்தார்கள்.

நான் செய்த பிழை இங்கேதான். ஆய்வேட்டை மட்டும் கொடுத்திருக்கலாம். வெறுங்கையோடு நெறியாளரை எப்படிப் பார்ப்பது? அவருக்கு ஒரு பெரிய பெட்டி பேரீச்சம்பழமும், பால்பவுடர் டின் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன்.

"அத்தான், எல்லாம் பத்திரமா சேந்துரும். நீங்க போங்க" என்றான் ஜஸ்டின்.

5

ஐந்தாம் நாள் நெறியாளர் ஃபோன்.

"பழம் நல்லா இருக்குவே. வீட்ல எல்லாருக்கும் பிடிச்சிட்டு. பால்பவுடரும் வந்துது. தீசிஸ் எங்க?"

ஜஸ்டினைப் பிடிக்க ஒரு நாள் ஆயிற்று. அவனுக்கு ஊரில் கல்யாணப் பேச்சு. "அத்தான், ஏர்போட்ல எட கூடிட்டு. எதையாவது எடுன்னுட்டான். பாத்தேன். பழம் கெட்டுப்போகும், பால்பவுடர் பிள்ளயளுக்கு. காயிதம்தானன்னு எடுத்து வச்சேன். காயிதம் நம்மூர்ல கெடைக்குமே, அத்தான்."

அவன் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. எடுத்ததை என்ன செய்தான் என்று கேட்டேன். வழியனுப்ப வந்தவர்கள் கையில் கொடுத்தானாம். யார் வந்தது என்று சரியாக நினைவில்லையாம். ஒரு வண்டி நிறைய வந்திருந்தார்களாம்.

இனி நான் சொல்லப்போவது அழகான விஷயமில்லை. ஃபோனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது நல்ல ஆய்வேடு இல்லை என்பது எனக்குத் தெரியும். இனி அதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல், அமெரிக்காக்காரருக்கும் இதுவே நடந்திருக்கிறது. அவர் எழுதி முடித்த முதல் நாவல் அச்சில் இருந்தபோது அச்சகக்காரர் காய்ச்சலில் செத்துப்போனார். அச்சடித்த தாள்கள் அவர் கைக்குத் திரும்பி வரவேயில்லை. இன்றுவரை அந்த நாவல் இல்லை. பார்த்தீர்களா, நானும் அந்த வரிசைதான்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் இதைச் சொன்னேன். ஒன்பது வருஷத்தில் முதன்முதலாக ஆட்கள் அமெரிக்காக்காரர் கதையை நின்று கேட்டார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். ஓர் அம்மாள் ஜெபத்தில் நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆய்வேட்டை முடித்திருந்தால் இதில் பாதி மரியாதை கிடைத்திருக்காது. அடுத்த வாரமும் வேறு ஆட்களிடம் சொன்னேன்.

மெர்சி ஜெராக்ஸ் என்ற வார்த்தையைக்கூட எடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும், என் தட்டில் அவளே சோறு போட்டுக்கொண்டு, "ஒம்பது வருசம்லா" என்றாள். அவ்வளவுதான். நான் சமைக்காத முட்டையையெல்லாம் டூட்டி முடிந்து வந்து சமைத்துச் சாப்பிட்டவள் அவள். அந்த ஒன்பது வருஷமும் என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவளுடையது என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு கோயில் வாசலில் நிற்கவில்லை.

மார்ச் போயிற்று. மே மாதம் நெறியாளரும் போனார். ஜூனில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒற்றைத் தாள் கடிதம் வந்தது. என் பதிவு ரத்து.

6

ஜஸ்டின் லீவு நீட்டி, நிச்சயதார்த்தம் முடித்து, ஜூன் கடைசியில் திரும்பினான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தான். கையில் பனங்கருப்பட்டி, மஸ்கோத்து அல்வா, ஒரு பிளாஸ்டிக் பை. பையை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"அத்தான், ரூம்லதான் கெடந்துருக்கு. பயலுவ பாத்துட்டு எடுத்து வச்சிருக்கானுவ. ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிட்டு."

ஆகியிருந்தது. முதல் மூன்று அத்தியாயத்தின் முதுகிலும் கேம்பில் யாருக்கு எந்த நாள் சமையல் என்று எழுதியிருந்தது. சனி, முருகன். ஞாயிறு, ஜஸ்டின் லீவு, பதிலுக்கு ரஃபீக். முடிவுரையில் மீன் வறுத்த எண்ணெய். முன்னுரையைக் காணவே காணோம். காய்ச்சல் அத்தியாயம் மட்டும் ஒரு மடிப்புக்கூட இல்லாமல், தனியாக ஒரு பாலித்தீன் உறையில் இருந்தது.

"இத மட்டும் ஒருத்தனும் தொடல அத்தான். பின்பக்கம் தமிழ்ல எழுதிருக்கியள்லா. சாயங்காலம் ஒருத்தன் வாசிப்பான், மத்தவனுவ கேப்பானுவளாம். மெர்சியக்கா ஆஸ்பத்திரி கததான? நம்மாளுவளப் பத்தி எழுதிருக்கியன்னு சொன்னானுவ."

மெர்சி அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள். யூனிஃபார்ம் மாற்றவில்லை. என்னைப் பார்த்தாள். "என் ஆஸ்பத்திரியா?"

"குறிப்புதான். அத்தியாயத்துக்கு" என்றேன்.

ஜெனி தாள்களை எடுத்து முன்பக்கத்தை இரண்டு வரி பார்த்தாள். "டாடி, சாரி, திஸ் இஸ் போரிங்." திருப்பினாள். "பின்னாடி மம்மியப் பத்தியா? எனக்கு வாசிக்கத் தெரியாதே. மம்மி, ரீட் இட்."

மெர்சி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்க வாசித்தாள். ஜெனி தரையில் உட்கார்ந்து கேட்டாள். அவளுடைய ஃபோன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. அம்மாவுக்கு இத்தனை நடக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊசிக்குப் பயந்த அரபிக்காரர் வந்தபோது மெர்சியே சிரித்தாள். எனக்கு மெதுவாகத் தைரியம் வந்தது. ஒன்பது வருஷத்தில் நான் எழுதிய உருப்படியான பக்கங்கள் இவைதான் போலும் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தில் அடக்கம் காட்டவும் தொடங்கினேன்.

அடுத்த தாளை எடுத்தாள்.

"ஆறாம் நம்பர் கட்டில். கொத்தனார். வெயிலில் விழுந்தவர். நான்கு நாளாகக் காய்ச்சல். இன்று என்ன கிழமை, டூட்டிக்கு நேரமாயிற்றா என்று நர்ஸ் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் விடியும்போது கட்டில் காலியாக இருந்தது. யாரும் அவரைக் கேட்டு வரவில்லை."

நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"இவரு சாவலியே" என்றாள்.

நான் தாளை எட்டிப் பார்த்தேன். "நீதான சொன்ன, தேற மாட்டாருன்னு."

"டாக்டர் சொன்னதச் சொன்னேன். மறுநா எனக்கு ஆஃப். அதுக்கு மறுநா போனா கண்ணத் தொறந்து கஞ்சி கேக்காரு. எனக்கு அழுகையே வந்துட்டு. வீட்டுக்கு வந்து ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். நீங்க எழுதிட்டிருந்திய. தொந்தரவு பண்ண வேண்டாம்னு போயிட்டேன்."

ஜஸ்டின் டீக் கிளாஸை மேசையில் வைத்தான். ஜெனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று நான் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். கட்டில் காலியாக இருந்தால் பத்தி நன்றாக முடியும் என்று தோன்றியது. மறுநாள் என்ன ஆயிற்று என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டு, கைகழுவி, நெத்திலி ஆய்ந்து குழம்பு வைத்தேன்.

"போன கிறிஸ்மஸ்க்கு வந்தாரே" என்றாள் மெர்சி. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வெள்ளச் சட்ட, கையில கேக்கு. நான் உள்ள இருந்தேன். நீங்கதான் டீ போட்டுக் குடுத்திய. அமெரிக்காக்காரரப் பத்தி அர மணி நேரம் சொன்னிய. அவரும் பாவம், கடைசிவரைக்கும் கேட்டுட்டுத்தான் போனாரு."

வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்ததும் வந்தது. முகம் வரவில்லை.

"அவர் பேரென்ன?" என்று கேட்டேன்.

"சவரிமுத்து" என்றாள். "மணப்பாட்டுப் பக்கம். ஒங்ககிட்டயும் சொன்னாரே."